கல்லடி வீடொன்றின் கருவிப் பெட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற மணல் நிலத்தில் இருக்கிற ஒரு வீட்டைப் பற்றியது இது. கடற்கரைக்கு நடந்தே போகலாம். சீமெந்துக்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் இரும்புக் கேற், பின்னால் கிணறு, கிணற்றுத் தண்ணீரை ஏற்ற ஒரு மோட்டர், உயரத்தில் பிளாஸ்டிக் டாங்கி. குடிக்க மட்டும் நீர்வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர், உன்னிச்சைக் குளத்திலிருந்து வருவது. வீட்டில் மூத்தவர் எனக்கு மாமி முறை. மாமா இறந்துவிட்டார். மாமியோடு மகளும் மகளின் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மருமகனுக்குக் கட்டாரில் வேலை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. ஆகவே சொந்தக்காரியும் பொறுப்புக்காரியும் மச்சாள்தான்.

பெரிதாக ஒன்றும் உடைந்திருக்கவில்லை. குசினியில் டாங்கித் தண்ணீர் வருகிற குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. குளியலறைக் கதவின் மேல் பிணைச்சல் தொங்கிப்போய், அதன் ஸ்குறூ ஒன்று கழரவும் மாட்டாமல் இறுகவும் மாட்டாமல் நின்றது. நடு அறைக் கதவு மாரி வந்தால் நிலையோடு சிக்கிவிடும். கேற்றைத் திறக்க இரண்டு கை வேண்டும். ஹோலில் ஒரு பிளக் பேஸ் சுவரை விட்டு ஆடியது. ஒவ்வொன்றும் அரை மணி நேர வேலை. ஆனால் அரை மணி நேர வேலைக்குப் பாஸ்மார் (கூலிக்கு வருகிற கைவேலைக்காரர்) வரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாதி நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு வாசர் மாற்ற யார் வருவார்? வருகிறேன் என்று சொன்னவர்கள் வராமலே ஒரு மாரி கழிந்தது. மழைத்தண்ணீர் பட்டுப் பட்டுக் குளியலறைக் கதவின் அடிப்பலகை உக்கத் தொடங்கியது. அப்போதுதான் மச்சாள், ஆளைத் தேடுவதை விட்டு இந்த வேலைகளைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார்.

இருந்த இரண்டு பெட்டிகள்

கருவி இல்லாத வீடில்லை அது. மருமகன் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த செற் ஒன்று அலுமாரிக்கு மேலே இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் அச்சில் வார்த்த பள்ளம். பார்த்தால் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றும். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் சொக்கற்றும் சின்னச் சின்னப் பிட்டும். மோட்டர் சைக்கிள் கழற்றுகிற ஒருவருக்கு அது நல்ல பெட்டி. குழாயின் தலை நட்டோ அதிலிருந்த மிகப் பெரிய சொக்கற்றை விடப் பெரிது. ஹக்சோ இல்லை, அரம் இல்லை, வாய் அகலமான ஸ்பெனர் இல்லை.

மற்றது மாமாவின் மரப்பெட்டி. மாமா ஓடாவி வேலை, அதாவது தச்சு வேலை, தெரிந்தவர். 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல், வீட்டோடு சேர்த்து அந்தப் பெட்டியையும் மூடியது. பிறகு சேற்றுக்குள்ளிருந்து எடுத்து ஒத்தாப்பில் வைத்தது வைத்தபடி கிடந்தது. சுத்தியல், பைப் ரெஞ்ச், 10 அங்குல அட்ஜஸ்ட் ஸ்பெனர், ஒரு பெரிய தட்டை முனை ஸ்குறூ ட்ரைவர், இரண்டு உளி, தட்டை அரம், ஒரு சின்ன இழைப்புளி. எல்லாம் செம்மண் நிறம். நான் கையில் எடுத்ததும் மாமி சொன்னார்: "உங்கட மாமாட கையில கிடந்த ஆயுதம் மனே, கறள் எண்டு தூக்கி எறிஞ்சிராத."

எறிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று நாங்களாகத் தீர்மானிக்காமல், வீட்டிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தோம். குசினிச் சுவரில் ஆணியடித்து ஒரு கொப்பியைத் தொங்கவிட்டோம். என்ன பழுது, முதலில் எதை எடுத்தது, கடைசியில் எது வேலையை முடித்தது என்று மூன்று நிரல். ஐப்பசி மழையோடு தொடங்கி, அடுத்த கச்சான் (வெயில்காலத் தென்மேற்குக் காற்று) ஓயும்வரை மச்சாள் அதை எழுதினார்.

அந்தக் கொப்பியில் 'எடுத்தது' நிரலும் 'முடித்தது' நிரலும் ஒத்துப்போன இடங்கள் முதல் மாதங்களில் மிகக் குறைவு. எடுத்தது என்ற இடத்தில் பெரும்பாலும் 'குறடு' என்று இருக்கும். முடித்தது என்ற இடத்தில் வேறொன்று இருக்கும். இது இந்த வீட்டின் குணம் மட்டுமில்லை. நான் வேலைக்குப் போகிற வீடுகளில் எல்லாம், ஆரையம்பதியானாலும் சரி, காரைதீவானாலும் சரி, நட்டின் மூலைகளில் குறட்டின் பல் தடம் இல்லாத குழாயைக் காண்பது அரிது. குறடு பிடிக்கவும் வளைக்கவும் கம்பி வெட்டவும் செய்த கருவி. அதைத்தான் எல்லாரும் எல்லாவற்றுக்கும் எடுக்கிறோம்.

குசினிக் குழாய்

அரை அங்குலப் பித்தளைக் குழாய், உள்ளே றப்பர் வாசர் வைத்த பழைய வகை. செக்கனுக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. சொட்டுக்குக் கால் மில்லிலீற்றர் என்று வைத்தால் 20 லீற்றருக்கு மேல் வீண். அந்தத் தண்ணீரை ஏற்றுகிற மோட்டருக்கும் கரண்ட் காசு போகிறது.

மச்சாள் குறட்டோடு தொடங்கினார். இரண்டாம் முறை திருப்பும்போதே வழுக்கியது. "மச்சான், நட்டு வட்டமாப் போயிட்டு" என்று ஃபோன் வந்தது. காரணம் எளிது. குறட்டின் வாய் திறக்கத் திறக்க ஆப்பு வடிவாக விரியும். ஆறு பக்க நட்டை அது முகத்தோடு முகமாகப் பிடிப்பதில்லை. இரண்டு மூலைகளைக் கடிக்கும். பித்தளை மென்மையான உலோகம், மூலை உடனே மழுங்கும். ஸ்பெனரின் இரண்டு தாடைகளும் எப்போதும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்பதால் நட்டின் தட்டையான முகத்தில் முழுதாகப் படியும்.

மாமாவின் 10 அங்குல அட்ஜஸ்ட் ஸ்பெனர் இங்கே முதல் தடவையாக வெளியே வந்தது. அதைப் பிடிப்பதில் ஒரு முறை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வாயை நட்டில் வைத்து, பெருவிரலால் சுருளை முறுக்கி, ஆட்டம் ஒரு துளியும் இல்லாமல் இறுக்க வேண்டும். பிறகு, அசைகிற தாடை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாகத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பினால் சுமை கைப்பிடியோடு ஒன்றாக வார்த்த நிலையான தாடையில் விழும். மாறித் திருப்பினால் சுமையெல்லாம் அசைகிற தாடைக்கும் சுருளுக்கும் போய், வாய் விரிந்து, மறுபடியும் மூலைதான் மழுங்கும். கைப்பிடியின் நீளமும் முக்கியம். 6 அங்குல ஸ்பெனரில் கொடுக்கிற அதே கைப்பலத்தை 10 அங்குலத்தில் கொடுத்தால் முறுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். பெண்களுக்குச் சின்னக் கருவி போதும் என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அது நேர் எதிர். கைப்பலம் குறைந்தவருக்குத்தான் நீளமான பிடி வேண்டும்.

நீளமான பிடிக்கு ஒரு ஆபத்தும் இருக்கிறது. சுவருக்குள் இருப்பது பீவீசீ பைப். குழாயின் தலையை மட்டும் பிடித்துத் திருப்பினால் குழாய் முழுவதும் சேர்ந்து திரும்பப் பார்க்கும். உள்ளே பிளாஸ்டிக் சொக்கற் வெடித்தால் சுவரை உடைத்துத்தான் சரிசெய்யலாம். அதனால் குழாயின் உடலைத் துணி சுற்றிப் பைப் ரெஞ்சால் அசையாமல் பிடித்துக்கொண்டு, தலையை ஸ்பெனரால் கழற்ற வேண்டும். ஒரு கை பிடிக்க, ஒரு கை திருப்ப. கொப்பியின் அந்த வரியில் 'முடித்தது' என்ற இடத்தில் இரண்டு கருவிகள் எழுதப்பட்டிருக்கின்றன. தண்ணீர் வேலை ஒவ்வொன்றிலும் அப்படித்தான்.

டாங்கி வால்வைப் பூட்டி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுக் கழற்றினோம். வாசரின் நடுவட்டத்தில் ஒரு மணல் பரல் குத்தி நின்றது, கடுகளவு. கிணற்று மணல். வாசரின் மற்ற இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. புது வாசர் போடும் முன்பு மச்சாளை உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன். வாசர் போய் உட்கார்கிற பித்தளை விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டும். பள்ளம் விரலில் தட்டினால், எத்தனை வாசர் மாற்றினாலும் அந்தப் பள்ளம் அதை அறுத்துவிடும். குழாயையே மாற்றுவது நல்லது. இங்கே விளிம்பு சுத்தம். வாசரை மாற்றியதோடு சொட்டு நின்றது. டாங்கியின் அடியில் படிந்திருந்த மணலையும் அன்றே கழுவினார்கள். அதைச் செய்யாமல் விட்டால் அடுத்த பரல் வரும்.

வெளிக் குழாயை முழுதாக மாற்ற நேர்ந்தபோது மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பையும் மச்சாளே சுற்றினார். மரையின் நுனியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டு முள் போகிற திசையில் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் குழாயை முறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். அரை அங்குலக் குழாய்க்கும் முக்கால் அங்குலத்துக்கும் மரை அங்குலத்துக்கு 14 சுற்றுத்தான், சுற்றளவுதான் வேறு. பிளாஸ்டிக் மரையில் கையால் இறுக்கிவிட்டு, ஸ்பெனரால் கொஞ்சம்போல இறுக்கினால் போதும்.

ஸ்குறூவின் தலை

இந்த வீட்டில் அதிகம் கற்றுத் தந்தது குளியலறைப் பிணைச்சல்தான்.

ஸ்டார் தலை ஸ்குறூ. செற்றிலிருந்த பிட்டை வைத்துத் திருப்பியதில் நான்கு மூலையும் அரைந்து கிண்ணம்போல் ஆகியிருந்தது. பிட்டைப் பார்த்தால் அதன் நுனியும் மழுங்கியிருந்தது. பிலிப்ஸ் வகை ஸ்டாரில் இலக்கங்கள் உண்டு: சின்ன ஸ்குறூவுக்கு 1, வீட்டில் காண்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2, தடித்தவற்றுக்கு 3. இரண்டாம் இலக்கத் தலையில் ஒன்றாம் இலக்க முனையை வைத்தாலும் அது உள்ளே போகும், திரும்பவும் செய்யும், கொஞ்ச நேரத்துக்கு. சரியான முனை ஆடாமல் உட்காரும். ட்ரைவரைப் படுக்கைவாட்டில் பிடித்து ஸ்குறூவை அதன் நுனியில் வைத்தால் விழாமல் நிற்கும். அதோடு, பிலிப்ஸ் தலையின் பள்ளம் உள்ளே போகப் போகச் சரிந்து ஒடுங்குவது. முறுக்கு கூடினால் முனை தானாக மேலேறி வழுக்கப் பார்க்கும். அதனால் திருப்புகிற பலத்தை விட அமுக்குகிற பலம் கூடுதலாக இருக்க வேண்டும். தோளைக் கொடுத்து அமுக்கிவிட்டு, மணிக்கட்டால் திருப்புவது. பலகைத்தூள் அலுமாரிகளில் வருகிற ஸ்குறூக்களில் சிலுவைக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். அது பொசிட்ரைவ் என்ற வேறு வகை. அதற்கும் அதற்குரிய முனைதான் வேண்டும்.

இந்த ஸ்குறூ அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது. முதலில் ஊசியால் பள்ளத்துக்குள் இருந்த பெயின்ட்டையும் கறளையும் கிளறி எடுத்தோம். கறள் இளக்குகிற எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டோம். மறுநாள் முனையை வைத்து, ட்ரைவரின் பின்பக்கத்தில் சுத்தியலால் நாலு தட்டு. மரைக்கும் மரத்துக்கும் நடுவே பிடித்திருக்கிற கறளை உடைக்கத்தான் அந்தத் தட்டு. பிறகு கழற்றும் திசையில் போகாமல், முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை. அசைந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது அசையவில்லை, தலையில் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்போது ஹக்சோ பிளேட்டை எடுத்து, தலையின் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்தோம். ஃபிரேம் அந்த இடத்தில் நுழையாது. பிளேட்டின் ஒரு பாதிக்குத் துணி சுற்றிக் கையால் பிடித்து, முன்னால் தள்ளும்போது மட்டும் அமுக்கி அறுப்பது. ஸ்டார் தலை இப்போது தட்டைத் தலை ஆகிவிட்டது. அதில் மாமாவின் பெரிய ட்ரைவர் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்த ட்ரைவரின் தண்டு உருண்டையில்லை, சதுரம். பழைய ஆட்கள் ஏன் அப்படி வாங்கினார்கள் என்று அன்று மச்சாளுக்குத் தெரிந்தது. அந்தச் சதுரத் தண்டில் ஸ்பெனரைப் போட்டு, ஒரு கையால் ட்ரைவரை அமுக்கிக்கொண்டு மறு கையால் ஸ்பெனரைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சத்தம். கால் சுற்று வந்தது. அதற்குப் பிறகு விரலாலேயே கழற்றலாம்போல் இருந்தது. மாமி வந்து அந்தக் கறள் ஸ்குறூவை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

புது ஸ்குறூ எது என்பதிலும் யோசிக்க வேண்டும். கல்லடி மாதிரி இடத்தில் சாதாரண இரும்பு ஸ்குறூ, அதன் மேல் எவ்வளவு மினுக்கம் பூசியிருந்தாலும், குளியலறையில் நிலைக்காது. 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு வாங்கினோம். கடற்காற்றில் அதிலும் தேயிலைச் சாயம் போல் கறை வரும், ஆனால் பலம் போகாது. மொலிப்டினம் 2 முதல் 3 வீதம் கலந்த 316 வகை உப்புக்கு இன்னும் நன்றாகத் தாங்கும். விலை கூட, எல்லாக் கடையிலும் இருக்காது. பித்தளை ஸ்குறூவும் நல்லது, ஆனால் முறுக்கினால் தலை அறுந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்குறூ ஒன்றை முதலில் போட்டுக் கழற்றி வழி செய்துவிட்டு, பித்தளையில் மெழுகுதிரி தேய்த்து இறக்க வேண்டும். சவர்க்காரம் தேய்க்கிற வழக்கம் உண்டு. அது ஈரத்தை இழுக்கும், எனக்கு உடன்பாடில்லை.

உப்பு

கொப்பி எழுதிக்கொண்டு போகப் போக ஒன்று தெளிவானது. இந்தக் கரையில் கருவி பாவித்துத் தேய்வதை விட, பாவிக்காமல் கிடந்துதான் அதிகம் அழிகிறது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான் நிற்கும். கடற்காற்று கொண்டுவந்து படியவிடுகிற உப்புத் தூள், மழையே இல்லாவிட்டாலும், ஒவ்வொரு இரவும் இரும்பின் மேல் ஒரு உப்புநீர்ப் படலமாக மாறுகிறது. வேர்வையிலும் உப்பு உண்டு. வேலை முடிந்த கையோடு கருவியைக் காய்ந்த துணியால் மட்டும் துடைத்து வைத்தால் உப்பு போகாது, பரவும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம்: நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும், எறும்பும் வரும். கராஜிலிருந்து கொண்டுவருகிற கழிவு எண்ணெயும் வேண்டாம், அது தோலுக்கு ஆகாது.

கட்டார் செற்றுக்கு நடந்தது இதுதான். அலுமாரியின் மேலே, கடல் பக்க ஜன்னலுக்கு நேரே இருந்தது. பெட்டியின் பள்ளங்களுக்குள் ஈரம் போய்த் தங்கியது. மேற்பூச்சு மெல்லியது, கீறல் விழுந்த இடமெல்லாம் கீழிருந்து கறள் தள்ளியது. ஒரு மாரிக்குள் சொக்கற்றுகள் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டன.

மாமாவின் கருவிகள் கடல்நீரிலேயே மூழ்கியவை, அதற்குப் பிறகும் வருடக் கணக்கில் பார்ப்பாரற்றுக் கிடந்தவை. மேலே கறள் தடித்திருந்தது, உள்ளே எஃகு உறுதி. ஒரு பிளாஸ்டிக் பேசினில் வினாகிரி ஊற்றி ஓர் இரவு போட்டோம். மரக் கைப்பிடிகள் நனையாமல் வெளியே நிற்க வேண்டும். காலையில் நீர் தேயிலைச் சாயம்போல் கறுத்துக் கிடந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்தால் கறள் சேறாக வந்தது. அமிலம் மிச்சமிருந்தால் மறுநாளே புதுக் கறள் பிடிக்கும் என்பதால் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலம்பி, வெயிலில் காயவிட்டு, எண்ணெய் பூசினோம். அட்ஜஸ்ட் ஸ்பெனரின் சுருள் மட்டும் அசையவில்லை. அதற்கு எண்ணெய் விட்டு விட்டுச் சில நாள் பொறுமை வேண்டியிருந்தது. சுருள் சுழன்ற அன்று தாடையின் பக்கவாட்டில், மாமா அடையாளத்துக்கு உளியால் வெட்டியிருந்த மூன்று கோடுகள் தெரிந்தன.

இப்போது எல்லாம் மரப்பெட்டியில், உள் அறையில், எண்ணெய் தோய்ந்த ஒரு பருத்தித் துணியின் மேல் இருக்கின்றன. மாரி மாதங்களில் மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து துடைப்பது மூத்த பிள்ளையின் வேலை.

கதவும் கேற்றும்

நடு அறைக் கதவை மார்கழியில் இழைக்க வேண்டும் என்று மாமி நின்றார். நான் விடவில்லை. காற்றின் ஈரப்பதம் 65 வீதமாக இருந்தால் மரத்துக்குள் ஈரம் 12 வீத அளவில் நிற்கும். மாரியில் காற்றின் ஈரம் 85 வீதத்தை எட்டினால் மரத்தில் அது 17, 18 வீதமாகும். அந்த ஐந்தாறு வீதத்துக்கே ஒரு சட்டக் கதவு குறுக்கில் இரண்டு மில்லிமீற்றர் அளவு விரியும். மார்கழியில் சிக்குகிற அளவை முழுதாக இழைத்துவிட்டால் கச்சான் காலத்தில் இடைவெளி தெரியும், பூட்டும் பிடிக்காது. முதலில் பிணைச்சல் ஸ்குறூக்களை இறுக்கிப் பார்த்தோம். சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்தது. உராய்கிற இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு விட்டோம். வைகாசியில் இழைப்புளியால் குறித்த இடத்தில் மட்டும் இரண்டு இழைப்பு, உடனே விளிம்புக்கு வார்னிஷ். அடுத்த மாரியில் கதவு சிக்கவில்லை.

கேற்றுக்குக் கம்பித் தூரிகை, எண்ணெய், அரம். அவ்வளவுதான்.

கருவியை வைத்துவிட வேண்டிய இடம்

பிளக் பேஸ் ஆடியதற்கு இரண்டு ஸ்குறூ தளர்ந்ததுதான் காரணம் என்று தோன்றியது. அப்படி இருந்தாலும் 230 வோல்ட் பாய்கிற இடம். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தினோம். நிறுத்தும் முன் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தோம். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய சுவிட்ச் அது, மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்ப்பது நல்லது. விழாவிட்டால் வேறெந்த வேலைக்கும் முன் அதை மாற்ற வேண்டும். விளக்கு எரிகிற டெஸ்டர் ஸ்குறூ ட்ரைவரை நம்பி மட்டும் கை வைக்கக் கூடாது. அது நம் உடம்பு வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் போய்த்தான் எரிகிறது. தடித்த றப்பர் செருப்போடு காய்ந்த மரக்கதிரையில் நின்றால் மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். பிளாஸ்டிக் பிடி என்பதற்காக எந்த ட்ரைவரும் மின்சார வேலைக்கு உரியதாகிவிடாது. இரட்டை முக்கோண அடையாளமும் 1000 V என்ற எழுத்தும் உள்ளதுதான் அதற்குச் சோதிக்கப்பட்டது.

மூடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு வயரின் உறை கறுத்துக் கருகியிருந்தது. செம்பில் பச்சைப் பூப்பு. மச்சாள் மூடியை அப்படியே திரும்பப் பூட்டினார். அந்தப் பேஸின் மேல் ஒரு டேப் ஒட்டி, பாவிக்க வேண்டாம் என்று எழுதி, மின்சார வேலை படித்தவரைக் கூப்பிட்டார். கொப்பியில் 'முடித்தது' என்ற இடத்தில் 'எலக்ட்ரீஷியன்' என்று எழுதினார். அந்த வரியை எழுதத் தெரிந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

இப்போதைய பெட்டி

கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இரண்டு நிரலும் ஒத்துவரத் தொடங்கிவிட்டன. அதைப் பார்த்துத்தான் பெட்டியை நிரப்பினோம். மாமாவின் சுத்தியலும் பைப் ரெஞ்சும் 10 அங்குல ஸ்பெனரும் தட்டை ட்ரைவரும் உளியும் அரமும் அப்படியே. புதிதாகக் காத்தான்குடிக் கடைத்தெருவில் வாங்கியவை கொஞ்சம்தான்: இரண்டாவது ஸ்பெனர் ஒன்று, 8 அங்குலம், 1ஆம், 2ஆம் இலக்க ஸ்டார் ட்ரைவர்கள், குரோம் வனேடியம் என்று அடித்தவை, ஒரு நல்ல குறடு, 5 மீற்றர் அளவு நாடா, கம்பித் தூரிகை, ஹக்சோ ஃபிரேமும், அங்குலத்துக்கு 24 பல் உள்ள 12 அங்குல பிளேட்டும். பிளேட்டைப் பூட்டும்போது பல் முன்னோக்கி இருக்க வேண்டும். அறுக்கிற பொருளின் தடிப்பில் எப்போதும் மூன்று பல்லாவது பட வேண்டும். மெல்லிய தகடானால் பிளேட்டைச் சரித்துப் பிடித்து அறுக்கலாம். கட்டார் செற்றிலிருந்து ஆலன் கீகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். மிச்சத்தை மோட்டர் சைக்கிள் வைத்திருக்கிற தம்பி முறை ஒருவருக்குக் கொடுத்தாயிற்று.

2022க்குப் பிறகு இறக்குமதிச் சாமான் விலை ஏறிய ஏற்றத்தில், நல்ல கருவி ஒன்றின் விலைக்கு மலிவான செற் முழுதாகக் கிடைக்கிறது என்பதால் ஆட்கள் செற்றை நோக்கித்தான் போகிறார்கள். என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது: கடைக்குப் போகும் முன் ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பிணைச்சலிலும் என்ன தலை, என்ன இலக்கம், குழாய் நட்டு எத்தனை மில்லிமீற்றர், மோட்டரின் போல்ட் எத்தனை என்று எழுதுங்கள். அந்தப் பேப்பரோடு கடைக்குப் போனால் தேவையில்லாத துண்டு எதுவும் வீட்டுக்கு வராது. மச்சாளின் பேப்பரைப் பார்த்து அயலில் வேறு பெண்களும் தங்கள் வீடுகளுக்கு எழுதியிருக்கிறார்கள்.

கல்லடி வீட்டில் இன்னும் செய்யாத வேலை கூரையில் இருக்கிறது. பின்பக்கம் நாலைந்து ஓடு நழுவி, பீலியின் ஒரு முனை இறங்கியிருக்கிறது. உயரத்து வேலை, ஓட்டைத் தாங்குகிற பழைய றீப்பையில் கால் வைக்க வேண்டும். அதற்கு ஐப்பசிக்கு முன்பே ஆள் பேசியாயிற்று. ஓடுகளை மாற்றும்போது பீலியின் கொக்கிகளுக்கும் துருப்பிடிக்காத எஃகு ஸ்குறூ போடச் சொல்லி, மச்சாள் அவற்றை வாங்கி ஒரு பையில் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார்.